சின்ன கேம்பிங் டிரெய்லரில் கரண்ட்: கதவைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது சகஜமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் ஒரு குடும்பம் 17 அடி நீளப் பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறது. 30 ஆம்ப் பிளக், கூரையில் ஏசி, முன்பக்க இரும்புச் சட்டத்தில் ஒரு லெட் ஆசிட் பேட்டரி. முதல் பயணத்தில் மழை பெய்து ஓய்ந்த காலையில், வெறுங்காலோடு புல்லில் நின்று கதவுப்பிடியைத் தொட்டபோது லேசாகச் சுர்ரென்று இழுத்திருக்கிறது. "உள்ளே ஏசி, லைட், மைக்ரோவேவ் எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஈரத்துக்கு இது சகஜம்தானா? ஜெனரேட்டர் வாங்கலாமா, பேட்டரியை லித்தியமாக மாற்றலாமா, இன்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள்.

சகஜம் இல்லை. டிரெய்லர் இப்போதும் இணைப்பில் இருந்தால் மேலே படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காய்ந்த ஷூ போட்டுக்கொண்டு, டிரெய்லரின் எந்த உலோகத்தையும் தொடாமல் போய், உங்கள் இடத்துக்கென்று நட்டிருக்கும் மின்பெட்டியில் (பெடஸ்டல் என்பார்கள்) பிரேக்கரை அணைத்துவிட்டு ஒயரைப் பிடுங்குங்கள். குழந்தைகள் டிரெய்லருக்குள் இருந்தால் பிரேக்கர் அணையும்வரை உள்ளேயே இருக்கட்டும். முழுக்க உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு கால் மண்ணிலும் ஒரு கை கதவிலும் இருக்கிற அந்த நொடிதான் ஆபத்து.

"எல்லாம் நன்றாக ஓடுகிறது" என்ற வரிதான் எனக்குக் கவலை தருகிறது. வீட்டில் ஒரு கோளாறு வந்தால் லைட் அணையும், பியூஸ் போகும், ஏதாவது நின்றுபோகும். டிரெய்லரில் ஆளைக் கொல்லும் கோளாறுகள் பெரும்பாலும் எதையும் நிறுத்துவதில்லை. எர்த் அறுந்திருந்தாலும் ஏசி ஓடும். பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் மைக்ரோவேவ் சுற்றும். பியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து இழுத்த ஒயரிலும் லைட் எரியும். அதனால் 'ஓடுகிறதா' என்று பார்ப்பது சோதனையே ஆகாது. தனியாக அளந்துதான் பார்க்க வேண்டும்.

கதவில் கரண்ட் எப்படி வந்தது? டிரெய்லர் ரப்பர் டயர் மேல் நிற்கிறது, பூமியோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. அதன் இரும்புச் சட்டத்தையும் அலுமினியத் தோலையும் பூமியோடு சேர்த்து வைப்பது உங்கள் ஒயரில் இருக்கும் எர்த் கம்பி ஒன்றுதான். உள்ளே எங்காவது கொஞ்சம் கசிவு எப்போதும் இருக்கும். வாட்டர் ஹீட்டர் காயிலில் அரிப்பு, ஈரமேறிய சாக்கெட், சுவரில் அடித்த ஸ்க்ரூ ஒயரை உரசியது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எர்த் ஒழுங்காக இருந்தால் கசிவு சத்தமில்லாமல் அதன் வழியே போய்விடும், பெரிய கசிவென்றால் பிரேக்கர் விழும். எர்த் அறுந்திருந்தால் மொத்தச் சட்டமும் மின்னேறி நிற்கும். பிறகு மண்ணுக்குப் போக அதற்குக் கிடைக்கும் வழி நீங்கள்தான். அதாவது உங்களுக்கு நடந்தது ஒரு கோளாறு அல்ல, இரண்டு: எங்கோ கசிவு இருக்கிறது, எங்கோ எர்த் இல்லை. இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊரில் 230 வோல்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு 120 வோல்ட் என்றால் ஓர் அலட்சியம் வரும். ஆளைப் பிடிப்பது வோல்ட் அல்ல, உடம்பு வழியே ஓடும் ஆம்ப். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல் இதை ஆட்களை வைத்தே அளந்து பார்த்தவர். கையில் பிடித்த கம்பியை விட முடியாமல் தசை இறுகிவிடும் அளவு, சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு பத்தரை என்று கண்டார். அவர்தான் 1961-ல் ஜிஎஃப்சிஐ என்ற கருவியையும் உருவாக்கினார். சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். நம் ஊர் வீடுகளில் வைக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்குத்தான் விழும். சுர்ரென்று இழுத்தது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியராக இருந்திருக்கலாம். ஆனால் அந்த அளவைத் தீர்மானித்தது டிரெய்லர் அல்ல, உங்கள் காலும் மண்ணும் அன்று எவ்வளவு ஈரமாக இருந்தன என்பதுதான். மாலையில் குளித்துவிட்டு ஈரக் காலோடு குழந்தை வந்து அதே கைப்பிடியைப் பிடித்தால் கணக்கே வேறு.

சரி, எங்கே தேடுவது? முதல் சந்தேகம் பெடஸ்டல் மேல். அது நூற்றுக்கணக்கான ஆட்கள் செருகிப் பிடுங்கியது, மழையில் நிற்பது. ஒரு மல்டிமீட்டரும், 30 ஆம்ப் சாக்கெட்டை 15 ஆம்ப் சாக்கெட்டாக மாற்றும் அடாப்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். அடாப்டரைச் செருகினால் நமக்குத் தெரிந்த மூன்று துளைகள் கிடைக்கும்: நீளம் குறைந்த துளை பேஸ், நீளமான துளை நியூட்ரல், உருண்டையானது எர்த். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 114 முதல் 126 வரை சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டாவது அளவு வராமல் மீட்டர் அலைபாய்ந்தால் எர்த் இல்லை. அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள், "பத்து வருஷமா இப்படித்தான் இருக்கு, யாரும் சொன்னதில்லை" என்ற பதிலுக்கு மசிய வேண்டாம்.

பேஸ் - நியூட்ரல் நடுவே 240 காட்டினால் எதையும் செருகாதீர்கள். கேம்ப்கிரவுண்டில் இது அபூர்வம், வீட்டில்தான் அதிகம் நடக்கிறது. டிரெய்லருக்கென்று கார் நிறுத்தும் இடத்தில் 30 ஆம்ப் சாக்கெட் போடச் சொன்னால், துணி உலர்த்தும் இயந்திரத்தின் 30 ஆம்ப் 240 வோல்ட் சாக்கெட்டைப் பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியன் இதற்கும் 240 கொடுத்துவிடுவார். இரண்டும் பார்க்க ஒரே சாயல். டிரெய்லரின் டிடி-30 (TT-30) என்கிற சாக்கெட் 120 வோல்ட் மட்டும்தான். 240 ஏறினால் மைக்ரோவேவ், கன்வெர்ட்டர் (120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி பேட்டரியை ஏற்றும் பெட்டி), ஏசி போர்டு எல்லாம் சேர்ந்து போகும். புதிதாகப் போட்ட சாக்கெட்டை, போட்டவர் கிளம்புவதற்கு முன்பே மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பெடஸ்டல் சரி என்றால் அடுத்தது உங்கள் ஒயர். இணைப்பு எதிலும் இல்லாதபோது, மீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் எர்த் முனைக்கும் டிரெய்லரின் பெயின்ட் இல்லாத இரும்புக்கும் நடுவே அளந்தால் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் சொல்கிறேன்: முந்தைய உரிமையாளர் எங்காவது மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் போட்டிருக்கலாம், எர்த் பின்னை வெட்டியே எறிந்திருக்கலாம். டிரெய்லரின் உள் பேனலையும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அங்கே நியூட்ரல் கம்பிகளும் எர்த் கம்பிகளும் தனித்தனிப் பட்டையில் இருக்க வேண்டும், ஒன்றோடொன்று சேரக் கூடாது. வீட்டின் பிரதான பேனலில் இரண்டும் சேர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு யாராவது இங்கேயும் சேர்த்திருந்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்ட்டில் ஒரு பங்கு எப்போதும் சட்டத்தின் வழியே ஓடிக்கொண்டிருக்கும். அப்போதும் எல்லாம் 'நன்றாக' ஓடும்.

அந்த ஜிஎஃப்சிஐ இங்கே நல்ல துப்பறிவாளன். பெடஸ்டலின் 30 ஆம்ப் சாக்கெட்டில் பொதுவாக அது இருக்காது, பக்கத்திலிருக்கும் 20 ஆம்ப் சாக்கெட்டில் இருக்கும். அதில் அடாப்டர் வழியாக டிரெய்லரை இணைத்து, உள்ளே எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். எதைப் போடும்போது அது விழுகிறதோ அந்த சர்க்யூட்டில்தான் கசிவு. எல்லாம் அணைந்திருக்கும்போதே விழுந்தால் மெயின் ஒயரையோ, நியூட்ரலும் எர்த்தும் எங்காவது ஒட்டிக்கொண்டிருப்பதையோ சந்தேகப்படுங்கள். பழைய டிரெய்லரில் வாட்டர் ஹீட்டரின் மின்காயிலைத்தான் முதல் குற்றவாளியாகப் பார்ப்பேன். "ஜிஎஃப்சிஐ-யில் போட்டால் விழுந்துகொண்டே இருக்கிறது, அதனால் சாதா சாக்கெட்டில் போட்டுவிட்டோம்" என்று பலர் சொல்வார்கள். அது சொன்ன சேதியைக் கேட்காமல் அதன் வாயைக் கட்டிய கதை.

உறவினர் வீட்டு வாசலில் நிறுத்தி, அவர்கள் வீட்டு சாக்கெட்டிலிருந்து எடுக்கும் வழக்கம் உண்டு. வீடு 1960-களுக்கு முந்தையது என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்தக் காலத்து சாக்கெட்டுகளுக்கு எர்த் கம்பியே கிடையாது. பிறகு வந்த யாரோ புது மூன்று துளை சாக்கெட்டை மாட்டி, எர்த் திருகையும் நியூட்ரல் திருகையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போயிருப்பார். அதில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் உங்கள் டிரெய்லரின் வெளித்தோல் முழுக்க நேரடி 120 வோல்ட். மூன்று விளக்கு எரியும் மலிவான சாக்கெட் டெஸ்டர் இதற்கு 'சரி' என்றே காட்டும். தொடாமலே கண்டுபிடிக்கிற பேனா வடிவ டெஸ்டர் ஒன்று எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். இணைப்பு கொடுத்ததும், ஷூ போட்ட காலோடு, அதன் முனையை டிரெய்லரின் உலோகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். கத்தினால் தொடாதீர்கள். இருபது, முப்பது டாலரில் இதைவிட நல்ல காப்பீடு கிடையாது.

எர்த் இல்லையென்றால் மண்ணில் ஒரு செம்புக் கம்பியை அடித்து இணைத்துவிடலாமே என்ற யோசனை நம் ஆட்களுக்குக் கட்டாயம் வரும். உதவாது. நன்றாக அடித்த எர்த் கம்பிக்கே 25 ஓம் தடை இருக்கலாம். 120-ஐ 25-ஆல் வகுத்தால் 5 ஆம்ப் கூட வராது. 30 ஆம்ப் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாது, சட்டமும் மின்னேறியபடியேதான் நிற்கும். பிரேக்கரை விழவைப்பது பெடஸ்டல் வழியே திரும்பிப் போகும் கம்பிதான், மண் அல்ல.

ஷாக் விஷயம் இவ்வளவு. அடுத்தது நெருப்பு.

30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். மணிக்கணக்கில் இழுப்பதானால் அதில் எண்பது சதவீதம், அதாவது 24 ஆம்ப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. கூரை ஏசி ஓடும்போது சுமார் 13 ஆம்ப். வாட்டர் ஹீட்டர் மின்சாரத்தில் 12. பேட்டரி காலியாக இருந்தால் அதை ஏற்றும் கன்வெர்ட்டர் 5, 6 இழுக்கும். இதுவே 30-ஐத் தொட்டுவிட்டது. காலையில் காபிக்கு 1,500 வாட் கெட்டிலைப் போட்டால் இன்னொரு பன்னிரண்டரை, பிரேக்கர் விழும். விழுந்தால் கோபப்படாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. வாட்டர் ஹீட்டரை கேஸில் ஓட்டுங்கள், கெட்டில் கொதிக்கும்வரை ஏசியை நிறுத்துங்கள். வீட்டு சாக்கெட்டில் 15 ஆம்ப் அடாப்டர் வழியாக எடுக்கும்போது கிடைப்பது 1,800 வாட்தான், அதில் ஏசி ஓட்ட முயல வேண்டாம் என்பேன்.

பிரேக்கர் விழுவதால் வீடு எரிவதில்லை. பிரேக்கருக்குத் தெரியாத சூடு ஒன்று இருக்கிறது, அது தளர்ந்த இணைப்பில் வருவது. 30 ஆம்ப் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளைத் தகடு பளபளப்பாக இருக்க வேண்டும். ஓரத்தில் பழுப்போ நீலமோ ஏறியிருந்தால், தகட்டின் அடியில் ரப்பர் இளகி விளிம்பு சுருங்கியிருந்தால், கருகிய மீன் வாடை போல ஏதாவது வந்தால் அந்த பிளக்கின் ஆயுள் முடிந்துவிட்டது. தேய்ந்த சாக்கெட்டில் தொடும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே போதும். 24 ஆம்ப் ஓடும்போது அங்கே 57 வாட் சூடு பிறக்கும். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்று 25, 40 வாட்தான். ஓட்டமோ 30-ஐத் தாண்டவில்லை, பிரேக்கர் ஏன் விழப்போகிறது? இணைத்து அரைமணி நேரம் கழித்து பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் லோடைக் குறைத்து, பிரேக்கரை அணைத்து, சாக்கெட்டை மாற்றுங்கள். லோடு ஓடும்போதே பிளக்கைப் பிடுங்குவதும் செருகுவதும்தான் இந்தத் தகடுகளைத் தீப்பொறியால் அரிக்கிறது. செருகினாலும் பிடுங்கினாலும் பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும்.

இதே காரணத்துக்காக 1,500 வாட் ஸ்பேஸ் ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுத் தூங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பல டிரெய்லர்களின் சுவர் சாக்கெட்டுகளில் ஒயரைத் திருகில் முறுக்கி இறுக்கியிருக்க மாட்டார்கள், ஒரு பள்ளத்தில் அழுத்திச் சொருகியிருப்பார்கள். சாலையில் குலுங்கிக் குலுங்கி அது தளரும். மைக்ரோவேவின் ஐந்து நிமிஷத்தை அது தாங்கிவிடும். பன்னிரண்டரை ஆம்ப்பை எட்டு மணி நேரம் தாங்க வேண்டுமென்றால், மரச்சட்டத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே அந்த இணைப்பு என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. குளிருக்கு கேஸ் ஃபர்னஸைப் போடுங்கள், அது அதற்கென்றே வைத்தது.

எக்ஸ்டென்ஷன் ஒயர் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன். 10 கேஜ் என்பது நம் கணக்கில் 5.3 சதுர மில்லிமீட்டர், 16 கேஜ் வெறும் 1.3. தோட்டத்துக்கென்று விற்கும் ஆரஞ்சு நிற 16 கேஜ் ஒயர் 50 அடி போட்டு ஏசி ஓட்டினால், ஒயரிலேயே 5 வோல்ட் போய்விடும். அதே நீளம் 10 கேஜில் ஒன்றேகால் வோல்ட்தான். டெக்சாஸ் வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு எல்லா டிரெய்லரிலும் ஏசி ஓடும்போது பெடஸ்டலிலேயே 108, 110 என்று இறங்கியிருக்கும். அதன்மேல் இந்த 5 வோல்ட்டும் குறைந்தால் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும், சூடாகும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கோடையில் செத்துப்போகும்.

இத்தனையையும் ஒவ்வொரு முறையும் கையால் அளப்பது சலிப்பு என்றால் இஎம்எஸ் என்கிற பெட்டியை வாங்கி பெடஸ்டலுக்கும் உங்கள் ஒயருக்கும் நடுவே போடுங்கள். எர்த் இல்லையா, பேஸ் மாறியிருக்கிறதா, 240 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்ட்டை உள்ளே விடும். வோல்ட் சுமார் 104-க்குக் கீழே போனாலோ 132-க்கு மேலே போனாலோ துண்டித்துவிடும். வெறும் 'சர்ஜ் ப்ரொடெக்டர்' என்று பாதி விலையில் விற்பது வேறு, அது இடி மின்னலின் திடீர் எழுச்சியை மட்டும் கொஞ்சம் தடுக்கும். செலவுக்கு வரிசை கேட்டால் லித்தியத்துக்கு முன்னால், சோலாருக்கு முன்னால், ஜெனரேட்டருக்கும் முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். இதுவும் எல்லாவற்றையும் கண்டுபிடிக்காது: டிரெய்லருக்குள் இருக்கும் கசிவும், மேலே சொன்ன பழைய வீட்டுத் தில்லுமுல்லும் இதற்குத் தெரியாமல் போகலாம். பேனா டெஸ்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஜெனரேட்டர் வாங்கலாம். சின்ன டிரெய்லருக்கு 2,000 வாட் வகை இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் போதும். பெட்டியில் போட்டிருக்கும் எண் உச்ச அளவு என்பதைக் கவனியுங்கள். ஹோண்டாவின் ஈயு2200ஐ (EU2200i) என்ற மாடல் தொடர்ந்து கொடுப்பது 1,800 வாட். மலைக்குப் போனால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று, மூன்றரை சதவீதம் குறையும். கூரை ஏசி கிளம்பும்போது ஒரு கணம் பல மடங்கு இழுக்கும் என்பதால் அதை மெதுவாகக் கிளப்பிவிடும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவி தேவைப்படலாம். யோசமிட்டி போன்ற இடங்களில் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஜெனரேட்டர் ஓட்டலாம் என்பதால் ராத்திரி ஏசி கனவு எப்படியும் பலிக்காது.

இவ்வகை ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே சேர்ந்திருக்காது. அதனால் இஎம்எஸ் அதைக் கோளாறு என்று சொல்லி கரண்ட்டை விடாது. இரண்டையும் சேர்க்கிற ஒரு சின்ன பிளக் கடையில் கிடைக்கும், அதை ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் செருகினால் சரியாகிவிடும். அந்த பிளக் ஜெனரேட்டரோடு மட்டுமே இருக்க வேண்டும். பெடஸ்டலிலோ வீட்டிலோ அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஜெனரேட்டரில் ஷாக்கைவிட அதிகம் பயப்பட வேண்டியது புகைக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசம் இல்லை. குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் டிரெய்லரைப் பார்க்காமல், காற்று புகையை ஜன்னல்களுக்குக் கொண்டுவராத பக்கத்தில் வையுங்கள். பக்கத்து இடத்துக்காரரின் ஜன்னலும் ஜன்னல்தான். உங்கள் பழைய டிரெய்லரில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் முதுகைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். அதற்கு ஆயுள் உண்டு, பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டு. பட்டனை அழுத்தினால் கத்துவது, ஒலிப்பான் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி, உள்ளே இருக்கும் உணரி உயிரோடு இருப்பதற்கு அல்ல. கேஸ் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்கும், புரொப்பேன் காற்றைவிடக் கனம் என்பதால். அதை மறைத்துப் பையை வைக்காதீர்கள்.

பேட்டரிக்கு வருவோம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, அதனால் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் ஸ்பானர் ஒன்று இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும். மோதிரமும் வளையலும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

இங்கே புது ஆட்கள் அனைவரும் விழும் ஒரு குழி உண்டு. காரில் கறுப்பு ஒயர் என்றால் நெகட்டிவ். டிரெய்லரின் 12 வோல்ட் ஒயரிங்கில் பெரும்பாலும் கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். பேட்டரி மாற்றும் அன்று கார் பழக்கத்தில் கறுப்பை நெகட்டிவில் மாட்டினால் கன்வெர்ட்டரில் இருக்கும் தலைகீழ் பாதுகாப்பு பியூஸ்கள் போகும். பியூஸோடு போனால் அதிர்ஷ்டம். கழற்றும் முன் போட்டோ எடுத்து, பாசிட்டிவ் ஒயரில் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு ஒயரிலும், 18 அங்குலத்துக்குள் பியூஸோ பிரேக்கரோ இருக்க வேண்டும். விதிவிலக்காக வரக்கூடியது பிரேக்அவே சுவிட்சுக்குப் போகும் ஒயர். ஓடும்போது டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் அதன் மின்பிரேக்கைப் பிடித்து நிறுத்துவது அந்த சுவிட்சும் இந்த பேட்டரியும்தான். நிறுத்தி வைக்கும்போது பேட்டரி வடியாமல் இருக்க டிஸ்கனெக்ட் சுவிட்ச் போடுபவர்கள், பிரேக்அவே ஒயரையும் அதற்கு அப்பால் தள்ளிவிடுவார்கள். பிறகு சுவிட்சை அணைத்த நிலையிலேயே டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனால், ஆபத்துக்கு உதவ பிரேக் இருக்காது. பியூஸ் அடிக்கடி போகிறதே என்று 15-க்குப் பதில் 30 மாட்டும் வைத்தியம் வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன்.

உங்களுடைய லெட் ஆசிட் பேட்டரி குரூப் 24 அளவு என்றால் 75, 80 ஆம்ப் ஹவர் இருக்கும் (ஒரு ஆம்ப்பை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்ப் ஹவர்). பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், எனவே கையில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.1 வந்தால் பாதி. கேஸ் ஃபர்னஸின் விசிறியே குளிர் ராத்திரியில் 20, 30 ஆம்ப் ஹவரைத் தின்றுவிடும். மூன்று வழி ஃபிரிட்ஜை (கேஸ், 120 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடுவது) 12 வோல்ட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்புவதற்குள் 10, 20 ஆம்ப் ஹவர் காணாமல் போயிருக்கும். நிறுத்தியதும் கேஸுக்கு மாற்றுங்கள். 100 வாட் சோலார் தகடு ஒன்று நல்ல வெயில் நாளில் சுமார் 30 ஆம்ப் ஹவர் திருப்பித் தரும், லைட்டுக்கும் பம்புக்கும் அது தாராளம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்ல மாற்றம்தான், 100 ஆம்ப் ஹவரில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. பழைய கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிட்டால் லித்தியம் நிறைய நேரமெடுக்கும், நிறையாமலும் போகும், அதற்கு 14.4 அளவு வேண்டும். இழுக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாக ஏற்ற விடாமல் நடுவே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். லித்தியத்தின் உள்தடை குறைவு, ஷார்ட் ஆனால் பாயும் ஆம்ப் மிக அதிகம் என்பதால் சாதாரண பியூஸுக்குப் பதில் கிளாஸ் டி (Class T) வகை நல்லது. அப்புறம், பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து அது கெட்டுவிடும். நல்ல பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்கிற காவல் சர்க்யூட் இதைத் தானே தடுக்கும். கொலராடோவிலோ மிச்சிகனிலோ பனிக்காலத்தில் போவதாக இருந்தால், தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வகையை வாங்குங்கள்.

கடைசியாக இன்டக்‌ஷன் அடுப்பு. பெடஸ்டலில் இருக்கும்போது தாராளமாக ஓட்டலாம், அந்த நேரம் ஏசியும் வாட்டர் ஹீட்டரும் அணைந்திருந்தால். பேட்டரியில் என்றால் வேண்டாம் என்பதே என் பதில். 1,800 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுக்க இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 165 ஆம்ப் வரை ஓட வேண்டும். உங்கள் லெட் ஆசிட் பேட்டரி சாம்பார் கொதிப்பதற்குள் படுத்துவிடும். லித்தியமே ஆனாலும் விரல் தடிமன் கேபிளும் பெரிய பியூஸும் இரண்டு பேட்டரியும் கேட்கும், பல 100 ஆம்ப் ஹவர் லித்தியம் பேட்டரிகளின் பிஎம்எஸ் 100 ஆம்ப்புக்கு மேல் விடுவதும் இல்லை. டிரெய்லரில் ஏற்கெனவே கேஸ் அடுப்பு இருக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து அதில் சமையுங்கள். சட்னிக்கு மிக்ஸி வேண்டுமென்றால் 1,000 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் போதும், 550 வாட் மிக்ஸி இரண்டு நிமிஷம் ஓடினால் இரண்டு ஆம்ப் ஹவர்கூடச் செலவாகாது.